தப்பு டீச்சரின் தப்பில்லாத பாடம்

அந்தப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லித்தர இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவருக்கு எல்லாம் தெரியும். அவருடைய வகுப்பில் பிள்ளைகள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கப் பழகியிருந்தார்கள். இன்னொருத்திக்கு எல்லாமும் தெரியாது. அவளுடைய வகுப்பில் கொட்டாவி விடக்கூட யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. முதலாமவர் பல்கலைக்கழகத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவர். அதை அவர் அடிக்கடி நினைவூட்டியதால் ஆசிரியர் அறையில் அவருக்குத் ‘தங்கமெடல்’ என்றே பெயர். இரண்டாமவள் கல்லூரியில் இயற்பியலில் ஒரு முறை கோட்டை விட்டு, மறுபடி எழுதித் தேறியவள். அதை அவள் யாருக்கும் நினைவூட்டியதில்லை. அவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘தப்பு டீச்சர்’.

இது தப்பு டீச்சரின் கதை. தங்கமெடலுக்குக் கதை கிடையாது. எப்போதும் சரியாகவே நடந்துகொள்கிறவர்களிடம் சொல்வதற்கு என்ன இருக்கிறது?

அவள் ஆசிரியை ஆனதே ஒரு சறுக்கல்தான். தபால் அலுவலகத்தில் நாள் முழுக்க முத்திரை குத்திய அப்பாவுக்கு மகள் டாக்டராக வேண்டும் என்று ஆசை. மதிப்பெண்கள் ஒத்துழைக்கவில்லை. சரி, நர்ஸாவது ஆகட்டும் என்றாள் அம்மா. பக்கத்து வீட்டுக்காரர் சவரம் செய்யும்போது கன்னத்தைக் கீறிக்கொண்டதைப் பார்த்தே மயங்கி விழுந்த பெண் அவள். ரத்தம் வராத அறிவியல் எது என்று குடும்பம் கூடி யோசித்தது. உயிரியலில் ரத்தம் வரும், வேதியியலில் கை வேகும், ஆக இயற்பியல். இப்படித்தான் அவள் இயற்கையின் விதிகளிடம் வந்து சேர்ந்தாள். பிறகு ஆசிரியர் பயிற்சி. அங்கே வகுப்புக்கு முதுகைக் காட்டாமல் கரும்பலகையில் எழுதுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். எதை எழுதுவது என்பது அவரவர் பாடு.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். மின்சுற்று பாடம். பலகையில் ஒரு பாட்டரி, ஒரு பல்பு, இரண்டு கம்பிகள் வரைந்தாள். படம் அழகாகவே வந்திருந்தது. வரைந்து முடித்துவிட்டு, “இப்ப பல்பு எரியும்” என்றாள். முன் வரிசையில் ஒருத்தி எழுந்தாள்.

“எப்படி டீச்சர் எரியும்? ரெண்டு கம்பியும் பாட்டரியோட ஒரே பக்கத்துல போய் நிக்குதே?”

அவள் திரும்பிப் பார்த்தாள். நின்றது. இரண்டு கம்பியும் பாட்டரியின் தலையிலேயே, ஒரே வீட்டுக்குப் பெண் கேட்டு வந்த இரண்டு மாப்பிள்ளைகள்போல முட்டிக்கொண்டு நின்றன. காதுமடல் சூடானது. அந்த நொடியில் வாய் தானாகத் திறந்து ஒரு பொய்யைச் சொன்னது:

“சபாஷ். யாராவது கண்டுபிடிக்கிறீங்களான்னுதான் பாத்தேன்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. “இனிமே தினமும் ஒரு தப்பு வரும். கண்டுபிடிக்கறது உங்க வேலை” என்றும் சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் வகுப்புக்குள் நுழைந்தபோது அத்தனை பிள்ளைகளும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் எழுதிய ஒவ்வொரு எழுத்தையும், கடன்காரன் வீட்டுச் சாமான்களைப் பார்ப்பதுபோல, ஒன்றுவிடாமல் பார்த்தார்கள். பாடம் முடிந்ததும் வந்து மொய்த்துக்கொண்டார்கள். “எங்க டீச்சர் தப்பு? தப்பே வரலையே?” அன்று தப்பு வைக்க மறந்துபோயிருந்தாள். அந்த முகங்களில் தெரிந்த ஏமாற்றத்தைப் பார்த்த பிறகு, மறந்ததே இல்லை.

வீட்டில் இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அவள் கணவன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“ஒரே ஒரு பொய்யச் சொல்லிட்டு ஆயுசு முழுக்க அதுக்கு வேலை செய்யப் போறியா?”

“சிரிக்காதீங்க. நாளைக்கு ஒளி பாடம். நல்ல தப்பு ஒண்ணு சொல்லுங்க.”

“எங்க கடையில வந்து நில்லு. மணிக்கு ஒரு தப்பு கெடைக்கும். எழுத்து தெரியலேன்னு எவனாவது சொல்றானா? முன்னாடி உக்காந்தவர் படிச்சத காதுல வாங்கி வச்சுகிட்டு, போர்டப் பாக்காமயே கடகடன்னு ஒப்பிக்கறான். அவனுக்கு எந்தக் கண்ணாடிய மாட்ட?”

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். தன்னுடைய கல்லூரிக் காலம் முழுவதையும் யாரோ ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டதுபோல் இருந்தது.

தப்பு வைப்பது லேசான காரியம் இல்லை என்பது போகப்போகத் தெரிந்தது. ரொம்ப எளிதாக இருந்தால் பிள்ளைகள் அவமானமாக நினைத்தார்கள். ரொம்பக் கஷ்டமாக இருந்தால் அவளே அதை நம்பிவிடும் அபாயம் இருந்தது. ஒன்றைச் சரியாகச் சொல்ல ஒரு முறை படித்தால் போதும். பொருத்தமாகத் தப்பாகச் சொல்ல அதன் அடிவேர்வரை போய்வர வேண்டும். அப்படிப் போய்வந்ததில், எந்தப் பாடத்தில் தோற்றாளோ அந்தப் பாடம் முதல் முறையாக அவளுக்குப் புரிய ஆரம்பித்தது. மாணவியாக இருந்தபோது வராத இயற்பியல், ஏமாற்றுக்காரியான பிறகு வந்தது.

பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. “ஃப்ரிட்ஜைத் திறந்து வச்சா ரூம் குளுகுளுன்னு ஆயிடும், ஏ.சி. தேவையில்ல” என்று ஒரு நாள் சொல்லிவைத்தாள். வகுப்பிலேயே உரத்த குரலுள்ள, ‘மைக்’ என்று பேர் பெற்ற பையன் வீட்டுக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்துவைத்து, சமையலறைக் கதவையும் சாத்திக்கொண்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். பால் திரிந்தது, அறை புழுங்கியது, அம்மா வந்தாள். மறுநாள் வீங்கிய கன்னத்தோடு விடையையும் கொண்டுவந்தான். “சூடாயிடுது டீச்சர்! பின்னாடி கம்பி வழியா சூடு வெளிய வருது. உள்ள குளிர்ற அளவவிட வெளிய சூடு ஜாஸ்தி!” கன்னத்தைத் தடவியபடி அவன் அடைந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

அவன் அம்மா தலைமையாசிரியையிடம் போனாள். எச்.எம். மேடம் நல்லவர். ஆனால் வராண்டாவில் நடந்து போகும்போது எந்த வகுப்பிலிருந்து சத்தம் வரவில்லையோ அங்கே நல்ல பாடம் நடக்கிறது என்று நம்புகிறவர். அந்த அளவுகோலின்படி பள்ளியின் ஆகச் சிறந்த ஆசிரியர் தங்கமெடல். அவரையும் மிஞ்சியது பூட்டிக் கிடந்த இசை அறை.

தப்பு டீச்சர் இத்தனை வருஷமும் தற்காலிக ஆசிரியைதான். தற்காலிகம் என்ற சொல்லுக்கு அந்தப் பள்ளியில் நிரந்தரமான பொருள் உண்டு. ஆனால் அந்த ஆண்டு மேலிடத்துக்குத் திடீரென்று ஞானம் பிறந்து, தற்காலிகமாக இருப்பவர்களை ஒன்று நிரந்தரமாக்குவது, இல்லையென்றால் அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. பயிற்சி மையத்திலிருந்து மதிப்பீட்டாளர் ஒருவர் வருவார், ஒரு வகுப்பில் உட்காருவார், போவார். அவர் போன பிறகு அவள் இருப்பாளா, அவளும் போவாளா என்பது தெரிந்துவிடும். போனால் இன்னொரு ஊர், இன்னொரு பள்ளி, மறுபடி முதலிலிருந்து தற்காலிகம்.

அவர் வருவதற்கு முதல் நாள் மாலை எச்.எம். மேடம் கூப்பிட்டு அனுப்பினார்.

“இங்க பாருங்கம்மா. நீங்க நல்லா சொல்லித்தரீங்க, நான் இல்லேன்னு சொல்லல. ஆனா வர்றவருக்கு அது தெரியாதுல்ல? அவர் கையில பன்னெண்டு கட்டம் போட்ட தாள் இருக்கும். சிறந்த அறிவியல் ஆசிரியரோட பன்னெண்டு குணம். அவரே எழுதினது. மொத கட்டமே ‘பாடப்பொருள் புலமை’. தப்பு பண்ணீங்கன்னா அதுல முட்டை.”

“அது வேணும்னு பண்ற தப்பு மேடம்.”

“முட்டையில வேணும்னு போட்ட முட்டை, வேணாம்னு போட்ட முட்டைன்னு தனித்தனியாவா இருக்கு? ஒரே ஒரு நாள். ஒரே ஒரு பீரியட். உங்க கால்ல வேணா விழறேன், சரியா மட்டும் சொல்லிட்டு வந்துருங்க.”

வீட்டில் கணவன் யோசனை சொன்னான். “அப்ப பசங்ககிட்ட சொல்லிடு, இன்னிக்கு தப்புக்கு லீவுன்னு.”

“சொன்னா நடிக்க ஆரம்பிச்சுருவாங்க. அந்த மைக்கு இருக்கானே, ‘ஆகா டீச்சர், எவ்வளவு சரியா சொல்றீங்க’ன்னு வராண்டா வரைக்கும் கேக்கற மாதிரி சொல்லுவான். வேணாங்க. சொல்லாமயே ஓட்டிடலாம்.”

சொல்லாமலேயே ஓட்டிவிடலாம் என்று அவள் எடுத்த முடிவுதான் அத்தனைக்கும் காரணம்.

மதிப்பீட்டாளர் ஒல்லியான, இருமல் தொந்தரவுள்ள மனிதர். ஒரு கையில் தாள் செருகிய அட்டை, இன்னொரு கையில் உயரமான ஸ்டீல் பிளாஸ்க், அதில் வெந்நீர். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அங்கே ஏற்கெனவே ‘தூங்குமூஞ்சி’ என்கிற பெண் டெஸ்க்கில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள். இந்த வகுப்பில்கூடப் படுத்திருக்க முடிந்த ஒரே ஆள் அவள். மதிப்பீட்டாளருக்கு மரியாதையாகக் கொஞ்சம் நகர்ந்து படுத்தாள். மேலே மின்விசிறி, பறக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், கடகடத்தது. கதவோரம் நாற்காலி போட்டு எச்.எம். மேடம்.

பாடம், ஊசல். பூகோளப் படம் மாட்டும் இரும்பு ஸ்டாண்டைக் கடன் வாங்கிவந்திருந்தாள். ஒரே அளவில் இரண்டு குண்டுகள், ஒன்று இரும்பு, ஒன்று மரம். ஊசல் என்றால் என்ன, அலைவு என்றால் என்ன, எல்லாம் சொன்னாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் வாயிலிருந்து வெளியே விடுவதற்கு முன் உள்ளேயே ஒரு முறை சரிபார்த்தாள். தங்கமெடலே வந்திருந்தாலும் குறை சொல்லியிருக்க முடியாது. எச்.எம். மேடத்தின் முகம் மலர்ந்தது. கடைசி பெஞ்சில் பேனா நிதானமாக டிக் அடித்துக்கொண்டிருந்தது.

பிள்ளைகளுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. பாடம் பாதி தாண்டியும் தப்பைக் காணோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புதிய ஆள் உட்கார்ந்திருக்கிற நாளில் டீச்சர் சாதாரணத் தப்பா வைப்பாள்? பலமாக எங்கோ ஒளித்து வைத்திருக்கிறாள்.

“டீச்சர், நூலோட எடைய விட்டுட்டீங்க!” என்றாள் ஒருத்தி.

“அது ரொம்பக் கம்மி. கணக்குல எடுக்க வேண்டாம்.”

“டீச்சர், பலகையில இன்னிக்குத் தேதி சரியா?”

“சரிதான்டா.”

“ஸ்டாண்டு சாஞ்சிருக்கு டீச்சர்!”

“அது எப்பவுமே சாஞ்சிருக்கும். பூகோளம் டீச்சர்கிட்ட கேளு.”

பிறகு அவள் அந்த வாக்கியத்தைச் சொன்னாள்:

“நூலோட நீளம் ஒண்ணா இருந்தா, தொங்கறது கனமா இருந்தாலும் லேசா இருந்தாலும், ஒரு தடவ போய்ட்டு வர ஒரே நேரம்தான் ஆகும்.”

வகுப்பு ஒரு கணம் மூச்சை இழுத்தது. அடுத்த கணம் வெடித்தது.

“இதுதான்! இதுதான்!” மைக் பெஞ்சின்மேல் ஏறிவிட்டான். “கனமும் லேசும் எப்படி டீச்சர் ஒண்ணா ஆடும்? கனமா இருந்தா இன்னும் வேகமாத்தானே ஆடும்? மாட்டிக்கிட்டீங்க!”

“டேய் எறங்கு. அது தப்பு இல்ல. சரி.”

“தப்பு மாட்டும்போதெல்லாம் மொதல்ல இப்படித்தான் சொல்வீங்க!”

எச்.எம். மேடத்தின் மலர்ந்த முகம், திறந்த வேகத்திலேயே மூடிக்கொண்டது.

இந்த மாதிரி ஒரு நெருக்கடி அவளுக்கு வந்ததே இல்லை. தப்பைச் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ள அவளுக்குத் தெரியும். உண்மையைச் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? ‘புத்தகத்தில் போட்டிருக்கிறது’ என்று சொல்லலாம். புத்தகத்தில் போட்டிருந்தால் மட்டும் சரியாகிவிடுமா என்று இவர்களுக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். ‘நான் சொல்கிறேன், நம்புங்கள்’ என்று சொல்லலாம். அதைச் சொல்லக் கடைசி ஆளாகக்கூட அவளுக்குத் தகுதி கிடையாது.

இரும்புக் குண்டையும் மரக் குண்டையும் ஆட்டிக் காட்டினாள். இரண்டும் சேர்ந்தே போயின, சேர்ந்தே வந்தன.

“இது பள்ளிக்கூடத்துக் குண்டு டீச்சர்” என்றான் மைக், ஏமாறாதவனின் பெருமிதத்தோடு. “செட் பண்ணி வச்சிருப்பாங்க. நெஜமாவே கனமா ஏதாச்சும் வேணும்.”

அத்தனை தலைகளும் நெஜமான கனத்தைத் தேடி வகுப்பைச் சுற்றின. கடைசி பெஞ்சில் போய் நின்றன.

“சார், அது உங்க பிளாஸ்கா சார்?”

“அது... வெந்நீர்...” என்றார் மதிப்பீட்டாளர். அதற்குள் பிளாஸ்க் பெஞ்சு பெஞ்சாகக் கைமாறி மேசைக்கு வந்துவிட்டது.

ஒரு நூலில் சின்ன இரும்பு நட்டைக் கட்டினாள். இன்னொரு நூலில் பிளாஸ்க்கின் கழுத்தைக் கட்டினாள். நூல் இரண்டும் ஒரே நீளம். அளவுகோல் வைத்துப் பார்த்து, வகுப்புக்கும் காட்டி, அப்புறம்தான் கட்டினாள். இன்று ஒரு தப்பும் நேரக் கூடாதே. இரண்டு பேர் ஸ்டாண்டின் காலைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றாக இழுத்து, ஒன்றாக விட்டாள்.

முதலில் இரண்டும் ஜோடி போட்டுப் போயின. அவள் மூச்சு விட்டாள். சில ஆட்டத்துக்குள் பிளாஸ்க் பின்தங்கியது. நட்டு திரும்பி வந்துவிட்டது. பிளாஸ்க் இன்னும் அந்தப் பக்கமே சாவகாசமாக நின்றது, வேலை நேரத்தில் டீ குடிக்கப் போன ஆள் மாதிரி.

“மாறுது! மாறுது! தப்பு! தப்பு!”

வகுப்பு கை தட்டியது. எச்.எம். மேடம் கண்ணை மூடிக்கொண்டார். அவள் மட்டும் பிளாஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருங்கடா” என்றாள். “கனமானது வேகமா ஆடும்னுதானே சொன்ன? இது மெதுவால்ல ஆடுது?”

கை தட்டல் நின்றது. மைக் பெஞ்சிலிருந்து இறங்கினான். “அப்ப நாங்களும் தப்பு, நீங்களும் தப்பா?”

“அப்படித்தான் தெரியுது.”

“அப்ப எதுதான் சரி?”

கடைசி பெஞ்சில் பேனா மேலே எழும்பிக் காத்திருந்தது. தேர்வில் தோற்ற அன்று கேள்வித்தாளைப் பார்த்ததுபோல அவள் பிளாஸ்க்கைப் பார்த்தாள்.

“தெரியல” என்றாள்.

அது நடிப்பு இல்லை. ஆனால் பிள்ளைகள் அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து எத்தனையோ தடவை நடிப்பாகக் கேட்டவர்கள். அவர்களுக்கு அது விசில் ஊதிய மாதிரி. ஆளுக்கொரு பக்கம் கிளம்பினார்கள்.

“காத்து தடுக்குது டீச்சர்! பிளாஸ்கு குண்டா இருக்குல்ல?”

“காத்து தடுத்தா ஆட்டம் சின்னதாகும். இவ்வளவு பின்னாடி போகுமா? யோசி.”

“உள்ள தண்ணி குலுங்குது! தண்ணியக் கொட்டிட்டுப் பாக்கலாம்!”

“கொட்டாதீங்க!” என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. மதிப்பீட்டாளர் எழுந்து நின்றுவிட்டார். “மூடி வரைக்கும் ரொப்பியிருக்கு. குலுங்காது. அது இல்ல காரணம்.”

“அப்ப என்ன காரணம் சார்?” என்று மைக் கேட்டான். அவர் இருமினார். இருமல் அவருக்கு ரொம்ப உதவியாக இருந்தது.

அப்போதுதான் டெஸ்க்கிலிருந்து கன்னத்தை எடுக்காமலே தூங்குமூஞ்சி கேட்டாள்: “பார்க் ஊஞ்சல்ல நின்னு ஆடறதும் உக்காந்து ஆடறதும் ஒண்ணா?”

“என்னடீ உளர்ற?” என்றான் மைக்.

“நின்னு ஆடினா வெடுக்கு வெடுக்குனு போவும். உக்காந்தா மெதுவா போவும். சங்கிலி அதேதான், ஆளும் அதேதான்.”

“உக்காந்தா காத்து கம்மியால்ல தடுக்கும்? அப்ப அதுதானே வேகமாப் போகணும்?”

“காத்த விடு. நின்னா ஆளு மேல வந்துடறோம்ல” என்று சொல்லிவிட்டு, தன் கடமை முடிந்ததென்று கன்னத்தை மறுபக்கம் மாற்றி வைத்தாள்.

தப்பு டீச்சர் பிளாஸ்க்கைப் பார்த்தாள். நூல் அதன் கழுத்தோடு முடிந்துவிட்டது. ஆனால் பிளாஸ்க் அங்கே முடியவில்லையே? கழுத்துக்குக் கீழே ஒரு ஜாண் உடம்பு தொங்குகிறதே? நட்டுக்கு உடம்பே இல்லை, நூல் முடிகிற இடத்திலேயே அதுவும் முடிந்துவிட்டது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நூலின் நீளத்தை அளந்தவள், ஊசலின் நீளத்தை அளக்கவில்லை.

“நட்டோட நடு எங்க இருக்கு?” என்று கேட்டாள்.

“நூல் முடியற எடத்துல.”

“பிளாஸ்கோட நடு?”

அரை வகுப்பு “ஆஆ” என்றது. மீதி அரை வகுப்பு, அந்த அரை வகுப்பிடம் “என்ன, என்ன?” என்று கேட்டது. பிளாஸ்க்கின் நூலைக் குட்டையாக்கி, இரண்டின் நடுவும் ஒரே மட்டத்துக்கு வர வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. யார் அளப்பது என்று தள்ளுமுள்ளு. பிளாஸ்க் கீழே விழுந்துவிடும் என்ற பயத்தில் மதிப்பீட்டாளரே வந்து மண்டியிட்டு அதை ஏந்திக்கொண்டார். முதல் தடவை நூலை அதிகமாகச் சுருக்கிவிட்டார்கள். இப்போது பிளாஸ்க் முந்திக்கொண்டு ஓடியது. “கொஞ்சம் எறக்குங்க சார். இன்னும். போதும் போதும், ஏத்துங்க” என்று மைக் அதிகாரம் செய்ய, சார் ஏற்றி இறக்கினார். அட்டையும் தாளும் கடைசி பெஞ்சில் தூங்குமூஞ்சியின் முழங்கைக்குக் கீழே கிடந்தன.

மறுபடி விட்டார்கள். கனமான பிளாஸ்க்கும் லேசான நட்டும் சேர்ந்து போயின, சேர்ந்து வந்தன. மறுபடி போயின, வந்தன. எவ்வளவு நேரம் பார்த்தாலும் பிரியவில்லை. மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. மதிப்பீட்டாளர் மண்டியிட்ட நிலையிலேயே, “அட” என்றார். அவருடைய பன்னிரண்டு கட்டங்களில் அதற்கு இடம் இருக்கவில்லை.

ஆசிரியர் அறையில், பிளாஸ்க்கிலிருந்த வெந்நீரைக் குடித்தபடி அவர் கேட்டார். “அந்த பிளாஸ்க் விஷயம் எத்தனை நாளா யோசிச்சு வச்சீங்க? நான் பிளாஸ்க் கொண்டுவருவேன்னு எப்படித் தெரியும்?”

“யோசிக்கல சார். நெஜமாவே தப்பு பண்ணிட்டேன். எனக்குத் தெரியல.”

அவர் சிரித்தார். விஷயம் தெரிந்தவரின் சிரிப்பு. “பரவால்லைம்மா. எங்கிட்டயுமா?” என்று சொல்லிவிட்டு, ‘தன்னடக்கம்’ என்ற கட்டத்தில் டிக் அடித்தார். பிறகு தாளின் அடியில் தன் கையாலேயே பதின்மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, ‘திட்டமிட்ட பிழை’ என்று எழுதிக்கொண்டார்.

“நான்தான் சார் சொன்னேன், உங்க இஷ்டப்படி பண்ணுங்கம்மான்னு” என்றார் எச்.எம். மேடம். அதைச் சொன்ன நேரத்திலிருந்து அவரும் அதை நம்பத் தொடங்கினார்.

செய்தி தங்கமெடலுக்கு எட்டியது. அந்த வாரமே அவள் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவர் யாருடைய மேசைக்கும் வந்ததில்லை.

“திட்டமிட்ட பிழைன்னா, அத எந்த எடத்துல பண்ணணும்? ஆரம்பத்துலயா, முடிவுலயா?”

“எங்க வேணா பண்ணலாம் சார்.”

“எனக்கு அது வராதே” என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு. ஆனால் முயற்சியில் குறை வைக்கவில்லை. அடுத்த வகுப்பில் ஒளியைவிட ஒலி வேகமாகப் போகும் என்று அழுத்தந்திருத்தமாகப் பலகையில் எழுதிவிட்டுக் காத்திருந்தார். பிள்ளைகள் அழகான கையெழுத்தில் அப்படியே எழுதிக்கொண்டார்கள். அவர் இருமிப் பார்த்தார். அடிக்கோடும் போட்டார். அவர்களும் அடிக்கோடு போட்டார்கள். தேர்வில் அந்தக் கேள்வி வந்தபோது வகுப்பு முழுவதும் ஒரே விடையை, அடிக்கோட்டோடு எழுதியிருந்தது. வெட்டத்தான் வேண்டும், ஆனால் யாருடைய தவறு என்று வெட்டுவது என்று புரியாமல் சிவப்புப் பேனாவோடு அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அவளுக்கு நிரந்தர உத்தரவு வந்தது. அத்தோடு, விடுமுறையில் பயிற்சி மையத்துக்கு வந்து மற்ற ஆசிரியர்களுக்குத் திட்டமிட்ட பிழை செய்யக் கற்றுத்தர வேண்டும் என்ற வேண்டுகோளும். கணவன் உத்தரவை மூக்குக்கண்ணாடியைக் கழற்றியும் போட்டும் இரண்டு விதமாகப் படித்துப் பார்த்தான்.

“தெரியாம செஞ்ச ஒண்ணுக்கு வேலை நிரந்தரம். இனிமே ஊருக்கெல்லாம் போய் அத எப்படித் தெரிஞ்சு செய்யறதுன்னு சொல்லித்தரப் போற.”

“கிண்டல் பண்ணாதீங்க. மனசு உறுத்துது.”

“உறுத்துதுன்னா போய் சொல்லிடு. இப்பதான் யாரும் வெளிய அனுப்ப முடியாதே.”

அது நியாயமாகப் பட்டது. மறுநாள் வகுப்பில் சாக்பீஸை எடுக்கவில்லை. மேசையில் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

“இன்னிக்கு பாடத்துக்கு முன்னாடி ஒரு விஷயம். அன்னிக்கு பிளாஸ்க் கட்டினேன்ல, அது நான் வேணும்னு பண்ணது இல்ல. நெஜமாவே தெரியாம நடந்த தப்பு. அது மட்டும் இல்ல. நான் இங்க வந்த புதுசுல ஒரு பல்பு படம் போட்டேன். தினமும் ஒரு தப்பு வரும்னு சொன்னதே அன்னிக்குத்தான். அதுவும் தெரியாம பண்ணதுதான். மாட்டிக்கிட்டதும் சமாளிச்சேன். எனக்கு அவ்வளவுதான் தெரியும். இதுதான் உண்மை.”

வகுப்பு அமைதியாக இருந்தது. எச்.எம். மேடம் அந்த நேரம் வராண்டாவில் போயிருந்தால் பூரித்துப்போயிருப்பார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி பெஞ்சில் தூங்குமூஞ்சி தலையைத் தூக்கி, அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். மைக் மெதுவாக எழுந்தான். முகத்தில் வெற்றி கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியது.

“டீச்சர்,” என்றான், வராண்டாவின் அந்தக் கோடிவரை கேட்கும்படி, “நீங்க இப்ப சொன்னதுதானே இன்னிக்குத் தப்பு? கண்டுபிடிச்சாச்சு!”

வகுப்பு கை தட்டியது. அவள் சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பினாள். இன்றைக்கு வைக்க வேண்டிய தப்பு ஒன்று மிச்சமாகிவிட்டதே, அதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.